ஏழ்கலத்துறையில் மூன்று சாமிகளுக்குத் தடை: ஒரு நிகழ்வு ஆய்வு

ஏழ்கலத்துறை எந்த வரைபடத்திலும் கிடையாது. நாகர்கோவில் கோட்டாறு கம்போளத்தில், அதாவது சந்தையில், ஒரு மளிகை மொத்தக்கடையின் மாடியில் ஞாயிறு மத்தியானம் கூடி, ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ரோல்பிளே கேம் ஆடுகிற ஐந்து பேரின் தலைக்குள் இருக்கிற துறைமுக நகரம் அது. கதையை நடத்துகிறவன் நான். எனக்கு முன்னால் நடத்தியவர் சவூதிக்கு வேலைக்குப் போகும்போது தன் நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். துறை, சுங்கம், நகரை ஆளும் பன்னிருவர் அவை, மிளகு விலை எல்லாம் அதில் விரிவாக இருக்கிறது. ஓர் இடத்தில் மட்டும் ஒற்றை வரி: "இந்நகரில் அலைவாரி, கட்டறுத்தாள், வெண்கொற்றன் ஆகிய தெய்வங்களை வணங்குவது குற்றம்." காரணம் இல்லை. வாட்ஸ்அப்பில் கேட்டால், "எனக்கே ஞாபகம் இல்ல மக்கா, நீங்களே பாத்துக்கிடுங்க" என்று குரல் செய்தி வந்தது.

அந்த வரிதான் ஆட்டத்தை நிறுத்தியது. மிளகு ஏற்ற வந்த ஒரு வெளியூர்க் கப்பலின் முகவர், சுங்கச் சாவடியில் பிடிபடுகிறார். பெட்டியில் விரல் நீளத்துக்கு ஒரு வெண்கலக் கட்டறுத்தாள். நோட்டில் எழுதியிருந்தபடி தண்டனை, சரக்கு முழுவதும் பறிமுதல். அந்த முகவராக ஆடியவர் கம்போளத்தில் கணக்கு எழுதுகிற அண்ணன். அவர் பகடையைக் கீழே வைத்துவிட்டார்.

"யாவாரிக்கு எல்லா சாமியும் வேணும்லா? கீழ போய் கல்லாவுக்கு மேல பாருங்க. பிள்ளையார், வேளாங்கண்ணி மாதா, மக்கா படம், மூணும் ஒரே வரிசையில தொங்குது. மூணுக்கும் ஒரே ஊதுவத்தி. யாவாரம் பண்ற ஊரு எதுக்கு வேய் சாமிய வெரட்டும்?"

கேள்வி நியாயம்தான். "அவையில் கெட்டவர்கள் இருக்கிறார்கள்" என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். கெட்டவர்கள் ஆனாலும் வியாபாரிகள் கணக்குப் பார்ப்பார்களே. ஆகவே ஆட்டத்தை ஒத்திவைத்து, இந்த மூன்று தடைகளையும் ஒரு வழக்குபோல எடுத்து ஆராய்ந்தோம். அதன் பதிவு இது.

எதைத் தள்ளினோம்

கற்பனை உலகங்களில் சாமிக்குத் தடை என்றால் உடனே கைக்கு வருவது நரபலி. அல்லது அது இருளின் தெய்வம். இரண்டையும் முதலிலேயே தள்ளிவிட்டோம். நரபலி கொடுக்கிறவனைப் பிடிக்கக் கொலைச் சட்டமே போதும். இருளின் தெய்வம் என்பதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. அதைத் தடை செய்யாத ஊர்தான் அதிசயம்.

அடுத்தது, ஒரு கோயில் பூசாரிகள் மற்ற கோயில்மேல் பொறாமைப்பட்டார்கள் என்பது. கோயில் நகரத்துக்கு அது பொருந்தும். துறைமுகத்துக்கு அவ்வளவாகப் பொருந்தாது. துறைமுகத்தின் சுபாவம் சாமியைக் கூட்டிக்கொள்வது. நமக்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. 849-இல் கொல்லத்தில் வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடிகள் தரிசாப்பள்ளிக்குச் செப்பேடு எழுதிக் கொடுத்தார். பாரசீகத் தொடர்புள்ள கிறிஸ்தவ வணிகர்களின் பள்ளி அது. நிலமும் குடிகளும் கொடுத்தது பெரிதில்லை. அங்காடியின் எடைக்கோலையும் முத்திரையையும் காக்கும் பொறுப்பே அந்தப் பள்ளிக்காரர்களிடம் இருந்தது. சாட்சிக் கையெழுத்துகள் அரபு, பஹ்லவி என்ற பழம் பாரசீகம், எபிரேய எழுத்துகளில் இருக்கின்றன. 1409-ஆம் ஆண்டிட்ட, இலங்கையின் காலி நகரத்துக் கல்வெட்டு இன்னும் ஒரு படி மேலே. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ வைத்த கல். சீனத்தில் புத்தருக்கு, தமிழில் தெனாவரை நாயனார் என்ற விஷ்ணுவுக்கு, பாரசீகத்தில் அல்லாவுக்கு என்று மூன்று மொழியில் மூன்று காணிக்கைப் பட்டியல். பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் எல்லாம் மூவருக்கும் ஏறக்குறைய சமம். கடலோடிக்கு எந்தச் சாமியையும் பகைத்துக்கொள்ள மனமில்லை.

ஆக, ஒரு சாமியை விலக்கினால் அந்தச் சாமியைக் கும்பிடும் வாடிக்கையாளனும் சேர்ந்து போவான். அந்த நஷ்டத்தைத் தெரிந்தே நகரம் ஏற்கிறது என்றால், அதைவிடப் பெரிய ஒன்றைக் காப்பாற்றிக்கொள்கிறது. அது என்ன என்று ஒவ்வொரு சாமிக்கும் கேட்டோம். கேட்கக் கேட்க ஒன்று தெளிவாயிற்று: நகரம் வியாபாரிகளுக்கு ஏற்கெனவே விலைபேசிக் கொடுத்துவிட்ட ஏதோ ஒன்றை, இந்தச் சாமிகள் தங்களுடையது என்கிறார்கள். தகராறு அங்கேதான்.

அலைவாரி

நோட்டில் அலைவாரி பற்றி இருந்தது இவ்வளவுதான்: மேற்குப் பாறைகளில் வாழும் தெய்வம், கரையோரக் குடிகள் கும்பிடுவது, கையில் விளக்கு. இதை அவிழ்த்தவன் எங்களோடு ஆடுகிற குளச்சல் தம்பி. ஏழ்கலத்துறையின் அமைப்பே குளச்சலிலிருந்து எடுத்ததுதான். கடலுக்குள் பாறைகள், உள்ளே ஒதுங்கி நிற்கும் தண்ணீர், கப்பல் வெளியே நங்கூரமிட்டு நிற்க வள்ளங்கள் சரக்கை இறக்கும், ஆனி ஆடியில் தென்மேற்குக் காற்று வந்தால் எல்லாம் நின்றுபோகும்.

"அலை வாரிப் போட்டது கரைக்காரனுக்கு. சாமியே அதத்தான் சொல்லுதுன்னு வச்சுக்கிடுங்க. அப்போ கப்பல் ஒடையணும்னுதானே நேர்ச்ச போடுவான்?" என்றான்.

முடிச்சு அங்கேயே அவிழ்ந்துவிட்டது. உடைந்த கப்பலின் சரக்கு யாருக்கு என்பது பழைய உலகத்தின் பெரிய வழக்குகளில் ஒன்று. ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளியில் காகதீய அரசர் கணபதிதேவர் 1244-இல் நாட்டிய அபய சாசனம் இதைப் பற்றியதுதான். முன்பிருந்த அரசர்கள், காற்றில் அடிபட்டு உடைந்து கரை ஒதுங்கிய கப்பல்களின் பொன், யானை, குதிரை, மணி எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டார்கள். நாம் நிலையான சுங்கத்தைத் தவிர எதையும் தொடமாட்டோம் என்று அதில் வாக்குக் கொடுக்கிறார். கருணையாலும் தர்மத்துக்காகவும் என்று சாசனம் சொல்லிக்கொள்கிறது. அதைக் கல்லில் வெட்டித் துறையில் நிறுத்தியதில் வியாபாரமும் இருக்கிறது. உடைந்தாலும் சரக்கு உனக்கே என்று சொல்லும் துறைக்குத்தான் கப்பல்காரன் திரும்பி வருவான்.

ஏழ்கலத்துறையும் அப்படி ஓர் அபயம் கொடுத்துத்தான் ஏழு நாட்டுக் கப்பல்களை இழுத்தது என்று வைத்தோம். அதற்கு முன்பே அங்கிருந்த அலைவாரிக்கு ஒதுங்கும் சரக்கெல்லாம் படையல். நகரம் அதை வியாபாரிகளுக்குத் திருப்பிக் கொடுத்த நாளிலிருந்து, அலைவாரியின் பூசை நகரத்தின் வாக்கோடு மோதுகிறது. மேற்குப் பாறையில் இரவில் ஏற்றும் நேர்ச்சை விளக்கு நிலைமையை இன்னும் மோசமாக்குகிறது. கலங்கரை விளக்கம் என்று நம்பி வருகிற கப்பல் பாறையில் மோதும். நேர்ச்சையும் பலிக்கும்.

இந்த இடத்தில் கன்னியாகுமரி கதவு நினைவுக்கு வராத குமரி மாவட்டக்காரன் இருக்க முடியாது. பகவதி அம்மன் கோயிலில் கடலைப் பார்த்த கிழக்கு வாசல் ஆண்டில் சில விசேஷ நாட்களில் மட்டும்தான் திறக்கிறது. அம்மனின் மூக்குத்தி ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று எண்ணி வந்து கப்பல்கள் பாறையில் மோதின, அதனால் வாசலை அடைத்தார்கள் என்பது நாம் சின்ன வயதில் கேட்ட கதை. கதை நடந்ததா இல்லையா என்பது எனக்கு முக்கியமில்லை. அதில் ஊர் எடுத்த முடிவைப் பாருங்கள். மூக்குத்தியைக் கழற்றவில்லை, அம்மனை இடம் மாற்றவில்லை, பூசையை நிறுத்தவில்லை. ஒரு கதவை அடைத்தார்கள். தடைச் சட்டம் எழுதுகிற எவனும் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும் என்று நான் மேசையில் சொன்னேன்.

ஆகவே அலைவாரிக்கான சட்டத்தை மாற்றினோம். வணங்கலாம். மேற்குப் பாறையில் சூரியன் மறைந்தபின் தீ கூடாது. ஒதுங்கிய சரக்கைப் படைத்தால் திருட்டு. இதற்குக் குளச்சல் தம்பியின் முகத்தில் அவ்வளவு திருப்தி இல்லை. கரையோரக் குடிகளுக்குக் காற்றுக்காலத்தில் வேறு பிழைப்பு என்ன என்று கேட்டான். நல்ல கேள்வி. அவைக்குப் பதில் தெரியாது. அதை அப்படியே கதையில் விட்டிருக்கிறேன்.

கட்டறுத்தாள்

மற்ற இரண்டையும் சேர்த்தாலும் இந்த ஒன்றுக்கு ஆன நேரம் ஆகவில்லை.

கட்டறுத்தாளின் சன்னதியில் ஒரு கயிற்றை முடிச்சுப் போட்டு, அவள் காலடியில் இருக்கும் அரிவாளில் அறுத்தால், நீ செய்த சத்தியம் உன்னை விடும். நோட்டில் இது இருந்தது. தக்கலைப் பக்கத்து வக்கீல் குமாஸ்தா இதைப் படித்ததுமே சிரித்துவிட்டார். "பின்ன எந்தக் கடன் பத்திரம் நிக்கும்?"

காகிதமும் கோர்ட்டும் வலுக்காத காலத்தில் வியாபாரத்துக்கு அடிமனையே சத்தியம்தான். சத்தியத்துக்குச் சாட்சி சாமி. எங்கள் சுசீந்திரத்தில் குற்றம் சாட்டப்பட்டவன் கொதிக்கும் நெய்யில் கைவிட்டுத் தன்னை நிரூபிக்க வேண்டிய கைமுக்கு என்ற வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. தாணுமாலயன் முன்னால் பொய் சொல்ல முடியாது என்ற பயத்தின்மேல் நின்ற நீதி அது. புகார் நகரத்துச் சதுக்கத்தில் பொய்ச்சாட்சி சொல்கிறவனைப் பிடித்துத் தின்னும் பூதம் இருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. வணிக நகரத்துக்கு அப்படியொரு காவல் தேவை. சத்தியத்தைக் காக்கிற சாமிக்கு நகரம் தங்கக் கூரையே போடும். அவிழ்த்துவிடுகிற சாமியை என்ன செய்யும்?

இதோடு முடிந்திருக்கும். நர்ஸ் அக்கா விடவில்லை. "அவளை யார் கும்பிடுகா? அதச் சொல்லுங்க முதல்ல."

யோசித்தோம். பெரிய வியாபாரிகள் கும்பிடமாட்டார்கள். அவர்களுக்குச் சத்தியம் நிற்பதுதான் லாபம். அப்பன் வாங்கிய கடனுக்கு மூட்டை சுமக்கிறவன் கும்பிடுவான். பன்னிரண்டு வயதில் யாருக்கோ வாக்குக் கொடுக்கப்பட்டவள் கும்பிடுவாள். முன்பணம் வாங்கிக் கப்பலில் ஏறி, இறங்க முடியாமல் கிடக்கிற துடுப்புக்காரன் கும்பிடுவான். கையில் வேறு எதுவும் இல்லாதவர்களுக்கு அவள் ஒருத்திதான் வழி. அப்படியானால் நகரம் அவளைத் தடைசெய்வது, பத்திரத்தின் ஒரு பக்கத்தை மட்டும் காப்பாற்றுவதற்காக. என் பார்வையில் மூன்று தடைகளில் இது ஒன்றுதான் அநியாயம். ஆனால் கதைக்கு மிகவும் உண்மையான தடையும் இதுதான். அவையில் இருப்பவர்கள் எல்லாரும் கடன் கொடுத்தவர்கள்.

எப்படித் தடைசெய்வார்கள் என்பதற்கு ரோம் நல்ல மாதிரி. கி.மு. 186-இல் ரோமானியச் செனட், மதுவின் தெய்வமான பாக்கஸின் வழிபாட்டை ஒடுக்கியது. அந்த ஆணையின் வெண்கலத் தகடு 1640-இல் தென்இத்தாலியின் திரியோலோவில் கிடைத்து, இப்போது வியன்னாவில் இருக்கிறது. அதைப் படித்தால் அரசு பயந்தது குடியையும் கூத்தையும் மட்டும் பார்த்து அல்ல என்று புரியும். பொதுப் பணம் வைக்கக்கூடாது. ஒருவருக்கொருவர் சத்தியம் செய்துகொள்ளக்கூடாது. ஆண்கள் பூசாரி ஆகக்கூடாது. ஐந்து பேருக்கு மேல், அதிலும் இரண்டு ஆண், மூன்று பெண்ணுக்கு மேல், அனுமதியில்லாமல் கூடக்கூடாது. கும்பிட்டே ஆகவேண்டும் என்கிறவன் நூறு செனட்டர்களுக்குக் குறையாத கூட்டத்தில் அனுமதி வாங்கிக் கும்பிடலாம். சாமிக்குத் தடையில்லை, சாமியைச் சுற்றித் தங்களுக்குள் சத்தியம் செய்துகொண்டு, கையில் பணத்தோடு திரளும் கூட்டத்துக்குத்தான் தடை.

ஏழ்கலத்துறைச் சட்டத்தையும் அப்படியே பிரித்தோம். கட்டறுத்தாள் சிலையை வைத்திருப்பது குற்றமில்லை. சுங்கச் சாவடி முத்திரை விழுந்த கடனுக்கு அவள் சன்னதியில் கயிறு அறுத்தால் செல்லாது. அறுத்துவைத்த பூசாரி அந்தக் கடனுக்குப் பொறுப்பு. சன்னதியில் உண்டியல் கூடாது. கடைசி விதியைச் சேர்க்கச் சொன்னவர் கணக்கு அண்ணன். நம் பக்கத்து வியாபாரச் சமூகங்களில் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒதுக்குகிற மகமைப் பணம் கோயிலாகவும் பள்ளிக்கூடமாகவும் ஆனதை அவர் பார்த்திருக்கிறார். சுமைகாரர்களின் உண்டியல் நிறைந்தால் அடுத்த வருடமே கடனைத் தீர்த்து ஆட்களை மீட்பார்கள், அரிவாளே தேவைப்படாது என்றார். அதைவிட அவையை நடுங்கவைக்கும் விஷயம் எது?

அக்கா அன்றைக்கே தன் பாத்திரத்தை மாற்றிக்கொண்டு, சன்னதிக்கு வெளியே ஓர் உண்டியலைப் புதைக்கத் தொடங்கிவிட்டார்.

வெண்கொற்றன்

இது சுருக்கமாக முடிந்தது. வெண்கொற்றன் கடலுக்கு அப்பால் உள்ள ஒரு பேரரசின் சாமி. அந்த அரசர் வெண்கொற்றனின் மகன். அவனைக் கும்பிடுகிறவன் அந்த அரசருக்குக் குடியாகிறான். துறையின் பாதுகாப்பை நகரம் ஏழு நாட்டுக்கும் பொதுவாக விற்றிருக்கிறது. இவன் வந்தால் அது ஒரு நாட்டின் கைக்குப் போகும்.

இதற்கு நாகசாகியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஜப்பானில் டோகுகாவா அரசு 1614-இல் கிறிஸ்தவத்தை நாடு முழுக்கத் தடைசெய்தது. 1639-இல் போர்த்துகீசியரை வெளியேற்றியது. சரக்கோடு பாதிரியாரையும் கொண்டுவந்தவர்கள் அவர்கள். டச்சுக் கம்பெனிக்காரர்கள் சரக்கு மட்டும் போதும் என்றார்கள். 1641-இல் அவர்களை நாகசாகித் துறையில் தேஜிமா என்ற செயற்கைத் தீவில் அடைத்து வியாபாரம் செய்யவிட்டது அரசு. கப்பல் வந்ததும் பைபிள்களைப் பெட்டியில் போட்டு மூடிவைக்க வேண்டும், வெளிப்படையாக ஆராதனை நடத்தக்கூடாது. கம்பெனி தலையாட்டியது. இதே கம்பெனிதான் சரியாக நூறு வருடம் கழித்து, 1741-இல், மிளகுக்காகக் குளச்சலில் இறங்கி மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றது.

குமாஸ்தா இந்தக் கதையை உதயகிரிக்கு இழுத்துக்கொண்டு போனார். அவர் வீடு அந்தப் பக்கம். குளச்சலில் பிடிபட்ட டி லனாய் என்ற கத்தோலிக்கர் அதே அரசரின் படைத்தளபதி ஆனார். 1777-இல் இறந்தபின் உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே லத்தீனும் தமிழும் பொறித்த கல்லறை அவருக்கு. அவர் மூலமாக அதே மதத்தை அறிந்து 1745-இல் ஞானஸ்நானம் பெற்ற அரண்மனை ஊழியர் தேவசகாயம் பிள்ளை, 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-இல் வத்திக்கான் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தது. அவர் தண்டிக்கப்பட்ட காரணம் பற்றி எதிரெதிர் வாதங்கள் உண்டு, அதற்குள் நான் இறங்கவில்லை. கதை கட்டுகிறவனுக்கு உதவுவது வேறு. 1750-இல் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிக் கொடுத்துத் தாசனாக ஆண்டார். அப்படிப்பட்ட அரசில் வெளிநாட்டுத் தளபதியின் சாமி அவனுடைய சொந்த விஷயம். உள்ளூர் ஊழியனின் சாமி அரசாங்க விஷயமாகிவிடலாம். ஒரே வழிபாடு, ஆளைப் பொறுத்து வேறு வேறு விலை.

ஏழ்கலத்துறையிலும் அப்படியே வைத்தோம். வெண்கொற்றனை வெளிநாட்டான் தன் கப்பலுக்குள் கும்பிடலாம். நகரத்தில் பிறந்தவனோ சுங்கச் சம்பளம் வாங்குகிறவனோ கும்பிட்டால் வேலை போகும், வீடு போகும்.

நோட்டில் இல்லாத நாலாவது சாமி

கணக்கு அண்ணன் நடுவில் இன்னொன்றைக் கிளப்பினார். எதுவுமே வேண்டாம் என்கிற சாமி ஒன்று வந்தால்?

தோவாளைப் பூச்சந்தையை ஒருமுறை விடியற்காலையில் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். பிச்சியும் மல்லியும் அரளியும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ஓணம் வந்தால், முகூர்த்தம் வந்தால் விலை ஏறும். ஓரத்தில் மாணிக்க மாலை கட்டுகிறவர்கள் வெள்ளை அரளியையும் சிவப்பு அரளியையும் மடித்து, நொச்சி இலையை இடையில் வைத்து, பாய் முடைவதுபோல் தட்டையாகக் கோத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு மடிப்பு பிசகினால் வரிசையே கோணும். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி வரைக்கும் போகிற மாலை. பூ வேண்டாம், எண்ணெய் வேண்டாம், கற்பூரம் வேண்டாம் என்று ஒரு சாமி சொல்லி, ஊரே அதைக் கேட்டுவிட்டால் அந்த விரல்கள் என்ன செய்யும்?

இது வெறும் கற்பனை இல்லை. கி.பி. 112 வாக்கில் பித்தினியா–பொந்துஸ் மாகாண ஆளுநர் பிளினி, பேரரசர் திராயானுக்குக் கிறிஸ்தவர்கள் பற்றி எழுதிய கடிதத்தில் ஒரு வரி வருகிறது: வாங்க ஆளில்லாமல் கிடந்த பலி விலங்குகளின் இறைச்சி, விசாரணைகளுக்குப் பிறகு மறுபடியும் விற்கத் தொடங்கியிருக்கிறது. மத விசாரணை பற்றிய கடிதத்துக்குள் கறிக்கடைக் கணக்கு.

இதைச் சட்டமாகச் சேர்க்கலாமா என்று வாக்கெடுத்தோம். வேண்டாம் என்று நான் சொன்னேன். தடைக்கு இதைவிட நேரான காரணம் இல்லை. அதனாலேயே எந்த அவையும் இதைச் சட்டத்தில் எழுதாது. "முன்னோர் வழக்கம் கெடுகிறது" என்றுதான் எழுதும். ஆகவே பூக்காரர்களும் எண்ணெய் வணிகரும் சேர்ந்து கொடுத்த ஒரு மனுவாக மட்டும் வைத்தோம். அவை அதை இன்னும் எடுத்துப் பார்க்கவில்லை.

முகவரின் வழக்கு

திருத்திய சட்டத்தோடு மறுபடி மேசைக்கு வந்தோம். சிலை வைத்திருப்பது குற்றமில்லை என்றாகிவிட்டதால் சரக்கு தப்பியது. ஆனாலும் கடன் பத்திரம் எழுத வந்த ஒருவன் கட்டறுத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஊருக்குள் நடமாடுவதைச் சுங்க அதிகாரி ஒப்புக்கொள்வாரா? தேஜிமா பைபிள் பெட்டி கைகொடுத்தது. சிலையைச் சாவடியில் ஒப்படைத்துச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கப்பல் புறப்படும்போது சீட்டைக் கொடுத்துச் சாமியைத் திரும்ப வாங்கலாம். அதுவரை அவர் கையெழுத்திடும் பத்திரம் எல்லாம் நிற்கும்.

கணக்கு அண்ணன் சீட்டைக் கையில் வாங்கியதும் செய்த முதல் காரியம், அதை ஈடாக வைத்து மிளகுக்காரரிடம் முன்பணம் கேட்டதுதான். "என் சாமி உங்க சாவடியில இருக்கு, இனி நான் எப்படி வாக்கு மாறுவேன்?" மிளகுக்காரர் யோசித்துவிட்டுக் கொடுத்தார். எதிரியை ஏமாற்ற உருட்டிய பகடையும் இல்லை, மந்திரமும் இல்லை. அடுத்த வாரம் ஆட வந்தபோது இன்னும் இரண்டு கப்பல்காரர்கள் தாங்களாகவே சிலைகளைக் கொண்டுவந்து சாவடியில் சீட்டுக் கேட்கிறார்கள். அதில் ஒருவருடையது கட்டறுத்தாளே இல்லை, ஏதோ குலதெய்வம்.

இப்போது அவை முன்னால் இருக்கிற விவகாரம் சாவடிக் கிடங்கின் வாடகை. ஒப்படைத்த சாமிகளுக்கு நாள் வாடகை வாங்கலாம் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டாயிற்று. உருவுக்கு இவ்வளவா, எடைக்கு இவ்வளவா என்பதில் நிற்கிறது. குமாஸ்தா உருவுக்கு என்கிறார். கணக்கு அண்ணன் எடைக்கு என்கிறார். கல் சாமி கொண்டுவருகிறவன் கூடுதலாகத்தான் கொடுக்கணும் என்கிறார். பூசை எண்ணெய்க்குத் தனிச் செலவு போடணுமா என்று அக்கா கேட்டிருக்கிறார்.